கிடா கொடுத்த உத்தரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? ஓசூரில் நான் நல்ல சுகம். நேற்று கம்பெனி விருந்தில் கறி வேண்டாம் என்றதும், "ஐயர் வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டார்கள். சிரித்துச் சமாளித்தேன்.

பத்தாவது படிக்கும்போது நான் வளர்த்த கிடாவைச் சுடலைமாடன் கோயில் கொடைக்கு வெட்டக் கொண்டுபோனோம். தண்ணீர் தெளித்தும் அது தலையைச் சிலுப்பவில்லை. சாமி உத்தரவு கிடைக்காமல் எல்லோரும் முழித்தபோது, "ஏட்டி, நீ கூப்பிடு. ஒஞ் சத்தத்துக்குத்தான் தலையாட்டும்" என்றீர்கள். "ராசா" என்றேன். ஆட்டியது. வெட்டிவிட்டார்கள். அன்றோடு நான் கறியை விட்டேன். கொழுப்பு என்றீர்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து லீவு முடிந்து வரும் கம்பெனித் தோழி முத்துராணியிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். இங்கே தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஷிப்டு பஸ் வந்துவிட்டது. என் கல்யாணத்துக்கு இன்னொரு கிடா நேர்ந்திருப்பதாக அம்மா சொன்னாள். அதற்குப் பெயர் வைக்காதீர்கள். கூப்பிட நான் வரமாட்டேன்.

பொன்செல்வி