உராய்வில்லாத தண்ணீரில் ஒரு கலக்கம்

செவ்வாய். மேகமூட்டம். மழை இல்லை.

எல்லாவற்றையும் முன்பே சொன்னவன் நான். அக்கா மகள் நந்தினியின் ஆராய்ச்சியில் இடறல் வரும் என்று பொங்கலுக்கே சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது அவளுடைய ஸ்கூட்டரைப் பற்றி என்கிறாள் அக்கா. எல்லாம் ஒன்றுதான்.

விஷயம் இது. தண்ணீர் அடுக்கடுக்காக ஓடுகிறது. மேல் அடுக்கு வேகம், கீழ் அடுக்கு மந்தம். உராய்வே கிடையாது. நடுவில் சின்னதாக ஒரு கலக்கம் விழுந்தால் அடங்குமா, வளருமா? அடங்கும் என்று நிரூபித்து வைத்திருந்தாள். நேற்று அவளுடைய பேராசிரியர் அதில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டார். அறைக்கதவு சாத்தியே கிடக்கிறது. சாப்பாடு வேண்டாமாம்.

எட்டாவதில் கணக்குக்கு என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஒன்பதாவதுக்குத்தான் போகவில்லை. பார்த்துக்கொள்ளலாம்.

புதன். நல்ல வெயில்.

கண்ணாடி பாட்டில். அடியில் நன்னாரி சர்பத், மேலே தண்ணீர். சாய்த்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, நடுவில் சுருள் சுருளாக வருகிறது. கதவைத் தட்டிக் காட்டினேன்.

"பாரு அம்மணி, உன்ற கணக்கு பூரா இதுக்குள்ள!"

"சர்பத்துக்கு உராய்வு இருக்குதுங்க மாமா. என்ற தண்ணிக்கு இல்லீங்க."

"அப்ப அந்தக் கலக்கம் எங்க போயி அடங்குது?"

"எங்கயும் போவாதுங்க. ஓட்டம் அத இழுத்து இழுத்து நூலாட்டம் ஆக்கிப்போடும். அப்பறம் தண்ணிய அசைக்க அதுக்குத் தெம்பு இருக்காது. ஆனா அப்படி ரண்டு நூலு சேந்துச்சுன்னா, அடங்குன அலை மறுக்கா எந்திரிக்கும். எதிரொலியாட்டம். அத நான் கணக்குல சேக்கவே இல்லீங்க மாமா."

அழுதாள். நாளைக்குப் போய், ஆராய்ச்சியை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறாளாம். இத்தனை வருடப் படிப்பு. பாட்டிலைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்தேன்.

சர்பத்தை அக்கா குடித்தாள். "சக்கரை பத்தலடா."

வியாழன். காற்று.

காலையில் பையோடு கிளம்பினாள். வாசலில் மறித்தேன். நேற்று சாயங்காலம் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் உன் பேராசிரியரைப் பார்த்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன் என்றேன்.

"'சின்ன ஓட்டைதானுங்க, அந்தப் பொண்ணு அடைச்சுப்போடும்'னாரு கண்ணு."

"அவரு பாலக்காட்டுக்காரருங்க மாமா. இப்படியா பேசுனாரு?"

"நம்மூரு டீயக் குடிச்சா எல்லாரும் இப்படித்தான்."

மூன்று நாளைக்கப்புறம் சிரிப்பு. பையைக் கீழே வைத்தாள். இட்லி கேட்டாள்.

வெள்ளி. தூறல்.

கதவு திறந்திருக்கிறது. தரையெல்லாம் தாள். எதிரொலியைக் கட்டிப்போட ஒரு வழி தெரிகிறதாம். சரியாக வரலாம், வராமலும் போகலாமாம்.

அக்கா ஊர்பூராவும் போன். காரமடைச் சித்தி என்னிடமே சொல்கிறாள், பேராசிரியர் வீடு தேடி வந்து பாராட்டினாராம். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை நந்தினி அவரைப் பார்த்து நன்றி சொல்லப் போகிறாள். அதற்குள் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று அறை வாசல்வரை போனேன்.

"என்னங்க மாமா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. எழுது, எழுது."

உக்கடம் போனது நிஜம். டீ குடித்ததும் நிஜம். அந்தப் பேராசிரியர் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது.