தூஃபானுக்கு நான் பூட்டிய கடிவாளம்

சேகரா, என் மச்சானே,

நல்ல சேதி ஒன்றும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் தூஃபான் போய்விட்டான். செவ்வாய்க்கிழமை காலையில் ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். கயல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்து, தகடு வைத்திருக்கிறார்கள். எழுந்து நடக்கவே நாலைந்து மாசம் ஆகுமாம்.

குதிரை போனது உன் மகளுக்குத் தெரியாது. நாளைக்கு நான்தான் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ இருந்திருந்தால் என் சட்டையைப் பிடித்திருப்பாய். இல்லாதவனிடம் சொல்வது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது, அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

நீ போன மூன்று மாசத்தில் தூஃபான் மேல் யாரும் ஏறவில்லை. குதிரைக்கார ராம்தன் கயிற்றைப் பிடித்துச் சுற்றி நடத்துவதோடு சரி. ஒவ்வொரு சுற்றிலும் ராம்தனின் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இழுப்பான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று நீயும் நானும் யமுனைப் பக்கத்து இந்தச் சவாரிப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து, இவ்வளவு பலமான குதிரையை நான் பார்த்ததில்லை. உன் ஒருத்தன் கைக்குத்தான் அடங்கினான். எப்படி என்று நானும் கேட்டதில்லை. நீ ஏறுகிறவன், நான் தோல் தைக்கிறவன். குதிரையின் தலைக்குள் இருப்பது உன் இலாகா, தலைக்கு வெளியே கட்டுவது என் இலாகா என்று நீயே பிரித்துக் கொடுத்திருந்தாய்.

இந்தத் தை மாசம் கயல் வந்து நின்றாள். இரண்டு வருஷமாக இங்கே குழந்தைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்கிறவள்தானே, புதுசா என்ன. அப்பா குதிரையை இனிமேல் நான்தான் ஓட்டுவேன் என்றாள். என் தங்கச்சி செல்வி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. கயலாவது கேட்பதாவது, உன் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது. கடைசியில் பள்ளியின் செக்ரட்டரி சாப் சம்மதித்தார். கடிவாளமும் மூக்குப்பட்டையும் ஏகாம்பரம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், பொறுப்பு அவனுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது மச்சான்.

சாமான் அறையில் உன் நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம், ரெண்டு வரி. உன் எழுத்துதான் ஊருக்கே தெரியுமே, தமிழ் எழுத்தில் பட்டாளத்து இந்தி. ‘மூ நரம், பல் கம்’ என்று ஒரு பெட்டைக்குதிரைக்கு எழுதியிருந்தாய். வாய் மெது, பலம் கம்மி. இன்னொன்றுக்கு ‘பல் டீக்’, பலம் சரியாக இருக்கிறது. இந்திக்காரன் பலத்தைச் சொல்லுகிற ‘பல்’லுக்கும் நம் எழுத்தில் அதே ப, அதே ல். எனக்கா புரியாது? இருபது வருஷம் உன் கையெழுத்தைப் படித்தவன்.

தூஃபான் பக்கத்தில் கடைசி வரி, உனக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்குக் காலையில் எழுதியது. ‘இடப்பக்கம் பல். சாதாக் கடிவாளம் வேண்டாம்.’

நான் எப்படிப் படித்தேன் என்று நினைக்கிறாய்? இடது பக்கம் பலம் அதிகம், இழுக்கிறான். சாதாக் கடிவாளத்துக்கு அடங்கமாட்டான், பெரிசாகப் போடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நோட்டை மூடி வைத்தேன். கயல் கேட்டாள், அப்பா என்ன எழுதியிருக்கார், காட்டுங்க என்று. உனக்கு எங்கேம்மா தமிழ் வாசிக்க வரும், நான் சொல்றேன் கேட்டுக்கோ என்று வாயாலேயே சொல்லி முடித்தேன்.

இரண்டு பக்கமும் நீளக் கம்பி தொங்கி, தாடைக்கு அடியில் சங்கிலி வருமே, அந்தக் கடிவாளத்தை எடுத்தேன். ஓட்டுகிறவள் ஒரு பங்கு இழுத்தால் வாயில் நாலு பங்கு விழும். அதற்கு மேல் மூக்குப்பட்டை. வாயைத் திறந்து கடிவாளத்திலிருந்து தப்பக்கூடாது என்று, அகலப் பட்டையோடு கீழ்ப்பட்டை ஒன்றும் சேர்த்தேன். கடைசித் துளையிலும் கொஞ்சம் தொளதொளப்பு இருந்தது. ஊசியை எடுத்து நானே இன்னொரு துளை போட்டேன். என் கையால் போட்ட துளை மச்சான், எவனையும் சொல்வதற்கில்லை.

இரண்டு விரல் நுழையவேண்டும் என்பது பட்டாளத்தில் முதல் நாள் பாடம். நுழைந்தது. கன்னத்துப் பக்கம் விட்டுப் பார்த்தேன், அங்கே எப்போதும் நுழையும். மூக்கெலும்புக்கு மேலே விட்டுப் பார்க்கவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே ஒரு விரல்கூடப் போயிருக்காது என்றும் தெரியும். அதனால்தான் கன்னத்தில் விட்டேனோ என்னவோ.

ராம்தன் ஒரு வார்த்தை சொன்னான். தீனித் தொட்டியில் அரைகுறையாக மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடக்கின்றன, இவன் ஒழுங்காகத் தின்பதில்லை உஸ்தாத் என்றான். நீ போன ஏக்கமாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேச ஒரு சாக்குக் கிடைத்த மாதிரி பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை மூடுபனி விலகினதும் ஏறினாள். முதல் சுற்று அவ்வளவு அழகு. கழுத்தை வளைத்து, வாயை மூடி, கட்டுப்பட்டுப் போனான். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற செக்ரட்டரி சாப் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டாவது சுற்றில் இடது பக்கம் திரும்ப வாரைப் பிடித்தாள். அவன் பின்னங்காலில் நேராக எழுந்தான். வலி வந்தால் குதிரை வாயைத் திறக்கும், தலையை உதறும், ஓடும். திறக்க நான்தான் விடவில்லையே. எழுந்தவன் அப்படியே மல்லாக்க விழுந்தான், கயல் அடியில்.

அவள் கத்தவில்லை. அவனை எழுப்பி நிறுத்துங்க என்றுதான் முதலில் சொன்னாள்.

மறுநாள் செக்ரட்டரி சாப் என்னைக் கூப்பிட்டார். குதிரை மேல் தப்பா, பெண் மேல் தப்பா, அறிக்கையில் ஏதாவது ஒன்றை எழுதவேண்டும் என்றார். கை கெட்டியாக இருந்திருக்கலாம், புதுசாக ஏறினவள்தானே என்று கூட இருந்த ஒருத்தர் இழுத்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. என் தங்கச்சி பெண் கையைப் பற்றி இவன் யார் பேச?

“பல் ஜ்யாதா ஹை சாப்,” என்றேன், பலம் ஜாஸ்தி என்று. “இது அடங்காத குதிரை. எந்தக் கடிவாளத்துக்கும் நிக்காது.”

கேட்டாயா. அந்த வார்த்தையையே சொன்னேன். மூன்றாவது தப்பு ஒன்று இருக்கலாம், அது தோல் தைத்தவன் தப்பு என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்று எழுதத்தான் ஆசை. துளையைப் பற்றி அந்த நிமிஷமே ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

எந்தக் கடிவாளத்துக்கும் நிற்காத குதிரையை வைத்துக்கொண்டு யார் தீனி போடுவார்கள்? செவ்வாய்க்கிழமை குதிரை டாக்டர் வந்தார். தலைக்கயிற்றை யாராவது பிடிக்கவேண்டும் என்றார். ராம்தன் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டான். நான் பிடித்தேன். அவன் என் கையை முகர்ந்து பார்த்தான் மச்சான். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

ஆஸ்பத்திரியில் கயல் தன் உள்ளங்கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் கைதான் கெட்டி, நான்தான் அவன் வாயைப் புண்ணாக்கிட்டேன், அப்பா பேரைக் கெடுத்துட்டேன் என்று ஒரே பேச்சு. குதிரை செத்த விஷயத்தை இப்போது சொல்லாதே அண்ணா என்று செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்களே, அதைத்தான் செல்வி வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள். நான் பக்கத்தில் நின்று ஆமாம் என்கிறேன்.

கயல் மனசு தேறட்டும் என்று இன்றைக்கு மத்தியானம் உன் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். உங்கப்பாவே எழுதிவைச்சிருக்கான் பாரும்மா, அது முரட்டுப் பலம், உன் கையில் ஒன்றும் இல்லை என்று காட்டிவிடலாம் என்று நினைத்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் அவள் அழுதாள். அப்புறம் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். ஜனக்புரி பள்ளிக்கூடத்தில் ரெண்டாவது வரைக்கும் படித்த தமிழ்தானே. நான் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன்.

“இ-ட-ப்-பக்கம்... பல்,” என்றாள். “பல்னா தாந்த் தானே மாமா?”

இல்லைம்மா, உங்கப்பா இந்தியில் எழுதியிருக்கான், அது பலம் என்றேன்.

“இடப்பக்கம் தமிழ்தானே? கல், பல்லுன்னு புஸ்தகத்துல படம் போட்டிருக்குமே, அந்தப் பல்.” விரலை அடுத்த வார்த்தைகளுக்கு நகர்த்தினாள். “வலிச்சிருக்கு அவனுக்கு. அதான் அப்பா சாதா கடிவாளம்கூட வேண்டாம்னு எழுதியிருக்கார்.”

நோட்டை வாங்கி நானும் படித்தேன். சாதாவே வேண்டாம். பல்லைப் பார்க்கிற வரைக்கும் அவன் வாயில் இரும்பே வைக்காதே. சாயந்திரம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நீ நினைத்திருப்பாய், சாயந்திரத்துக்குள் போய்விட்டாய். தமிழே தெரியாதவள் என்று நான் ஒதுக்கினேனே, தமிழ் எழுத்தில் நீ எழுதுகிற இந்தி அவளுக்குப் பழக்கமில்லை, அதனால் நீ எழுதினது எழுதினபடி தெரிந்தது. இந்த நோட்டை ஒரு வாரம் முன்னால் அவள் கையில் கொடுத்திருந்தால்?

அவள் முகம் மலர்ந்துவிட்டது. விழுந்த நாளிலிருந்து நான் பார்க்காத முகம். என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அச்சா, அப்போ அவன் மேல தப்பே இல்ல மாமா. என் மேலயும் இல்ல. டாக்டர்கிட்ட சொல்லி அந்தப் பல்லை எடுக்கச் சொல்லுங்க, சரியாயிடுவான். இப்பவே போங்க. ஜல்தி.”

போகிறேன் என்று சொல்லி எழுந்து வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று குதிரை டாக்டருக்குப் போன் பண்ணினேன். ஊசி போடும்போது வாயிலிருந்து அழுகல் வாடை வந்தது, இடது கடைவாய்ப் பக்கம், பார்க்கத்தான் நினைத்தேன், அதற்கு மேல் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன் என்றார். யாருமே வாயைத் திறந்து பார்க்கவில்லையா என்று என்னைத்தான் கேட்டார். மூன்று மாசம் தினமும் தலைக்கயிறு மாட்ட அவன் வாயருகே கை வைத்தவன் நான்.

அங்கிருந்து நேராக செக்ரட்டரி சாப் வீட்டுக்குப் போய், அறிக்கையில் என் பேரை எழுதச் சொன்னேன். குதிரை போயாச்சு, பெண் பேரிலும் பழி இல்லை, எதற்கு வீணாக என்றார். எழுதுங்கள் சாப் என்றேன். எழுதினாரா என்று நாளைக்குப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் நானே எழுதி ஒட்டுகிறேன். வேலை போகும், போகட்டும். செல்வி என் முகத்தில் விழிக்கமாட்டாள். அது போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கயல் இப்போது தூஃபான் பிழைப்பான் என்று நம்பிப் படுத்திருக்கிறாள் மச்சான். பல் எடுத்தாச்சா மாமா என்றுதான் நாளைக்கு முதல் வார்த்தை கேட்பாள். அப்புறம் சொல்லலாம், தேறினதும் சொல்லலாம் என்று என் மனசு இப்போதே வழி தேடுகிறது. உன் மேல் ஆணையாகத் தேடமாட்டேன். அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் இல்லை என்பதை முதலில் சொல்வேன். கடிவாளம், துளை, பிடித்த கயிறு எல்லாவற்றையும் அதன் பிறகு சொல்வேன். அவள் என்ன சொன்னாலும் எழுந்து போகாமல் கேட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் மச்சானாகவும் அவளுடைய தாய்மாமனாகவும் இன்னும் இருக்கிற
ஏகாம்பரம்