அவசரப்படாத புழுக்கள்

இன்று போகி, அக்கா. விடியற்காலை மேளச் சத்தத்துக்கு விழித்ததும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். பழம்பாயும் தென்னமட்டையும் எரியும் வாசனை மட்டும்தான். தொண்டையைப் பிடிக்கும் அந்தக் கறுப்பு நெடி இல்லை.

உங்கள் மாடி அறைக்குக் குடிவந்த பிறகு எனக்கு வந்த முதல் போகி நினைவுக்கு வந்தது. சிப்காட்டில் வேலை கிடைத்து கும்மிடிப்பூண்டிக்கு வந்த புதிது. மூலை டிவி கடைக்காரர் வருடம் முழுக்கச் சேர்ந்த தெர்மாகோலைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார். நீங்கள் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, ஈரத்துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினீர்கள். வாடகைக்கு இருப்பவள் வீட்டுக்காரம்மாவின் முதுகைத் தடவலாமா என்று தயங்கி நின்றேன். பிறகு தடவினேன்.

புழுக்கள் நம்மிடம் வந்தது உங்கள் தவறால். கோழிக்குஞ்சுகளுக்குத் தீனியாக வாங்கிய மாவுப்புழுக்களை, பழவேற்காட்டு மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் கொட்டி மூடி வைத்தீர்கள். சில நாள் கழித்து அந்தப் பெட்டியோடு மாடியேறி வந்தீர்கள். அடியெல்லாம் ஓட்டை.

"இன்னாம்மா, உன் ரூம்ல எலி கீதா?"

எலி இல்லை. புழுக்கள் பெட்டியைத் தின்று வெளியே வந்து சமையலறையெங்கும் ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் தெர்மாகோலில் ஒரு பங்கைச் சிதைக்கும் என்று படித்திருந்தேன்; கண்ணால் பார்க்கும்வரை நம்பவில்லை. நான் சொல்லச் சொல்ல, நீங்கள் பெட்டியைக் காதருகே கொண்டுபோனீர்கள்.

"மழ தூறுற மாதிரி கீது" என்றீர்கள்.

மறுநாளே கோழிகளுக்கு வேறு தீனி. வழவழப்பில் புழு ஏறாது என்று நான் சொன்னதும் எவர்சில்வர் அண்டாவைத் தூக்கிக் கொடுத்தீர்கள். கொஞ்சம் தவிடு, ஈரத்துக்குக் கேரட் துண்டு, மற்றபடி தெர்மாகோல். கழிவை மல்லிகைச் செடிக்குப் போடலாம் என்றீர்கள். செரிக்காத பிளாஸ்டிக் தூள் அதில் இருக்கும், கூடாது என்றேன். அதற்காகச் சில நாள் நமக்குள் பேச்சே இல்லை.

ஆனால் கடைக்காரரிடம் பேசப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டுதான் போனீர்கள். "அடுத்த போகிக்கு நீ கொளுத்தக் கூடாது. எல்லாத்தையும் என் புழு துன்னும்" என்றீர்கள்.

அவர் சிரித்தார். "உன் புழு துன்னு முடிக்கிறதுக்குள்ள என் பேரன் ரிட்டயர் ஆயிடுவான், போக்கா."

அவர் சொன்னது உண்மைதான். ஒரு டிவிப் பெட்டியின் மூலைத் துண்டுக்கே அவை வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டன. நீங்கள் அசரவில்லை.

ஐப்பசி மழையில் உங்கள் மூச்சு நின்றுபோனது. உங்கள் தங்கை கோழிகளைக் கொண்டுபோனார். அண்டாவை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தெருவில் யாரோடும் பேசாத நான், அதன்பின் வாராவாரம் பையோடு கடைக்குப் போனேன். அவர் ஒரு துண்டை உடைத்துக் கொடுப்பார். நீங்கள் விட்ட சவாலை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போகி நெருங்க நெருங்கப் பயம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது. இந்தத் தெருவில் அந்தக் குவியல் மறுபடி எரிந்தால், அந்தப் பேச்சில் நீங்கள் தோற்றதாகவே ஆகிவிடும்.

இன்று காலை கீழே இறங்கிப் போனேன். கடைக்காரர் நெருப்பில் பழைய ஸ்டூல் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் குடோன் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தெர்மாகோல், கூரைவரை, வெள்ளைவெளேரென்று.

என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உன் புழுவாண்ட சொல்லு, அவசரம் ஒண்ணும் இல்ல. நான் வெச்சினு இருக்கேன்."

ஜெயித்துவிட்டீர்கள், அக்கா.

வீட்டுக்குத் திரும்பினேன். மாடியிலிருந்து அண்டாவை மெதுவாக இறக்கி உங்கள் அறைக்குக் கொண்டுவந்து வைத்தேன். அண்டாவுக்குள் தூறல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. போகியன்று நீங்கள் ஒருமுறைகூடத் திறக்காத தெருப்பக்கத்து ஜன்னலை அகலத் திறந்துவிட்டேன்.