பிரெசிபிஸுக்கு நான் சொன்ன பொருள்

ஆனி 14, திங்கள்

காற்று. கொல்லிமலை மேல் மேகம், இங்கே ஒரு துளி இல்லை. காயப்போட்ட மிளகாயில் பாதி பறந்தது.

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ரிஜிஸ்தர் கச்சேரி வாசலில் பத்திரம் பதிய வந்த கூட்டம். செல்லாயியும் வந்தாள். போன ஐப்பசியில் மலையிலிருந்து விழுந்து செத்த பழனியப்பனின் மனைவி. விசாரணைத் தாளின் நகல் இப்போதுதான் கைக்கு வந்ததாம். இங்கிலீஷ். இவருக்கு வேலை நெருக்கடி, என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார்.

அதில் 'பிரெசிபிஸ்' என்று ஒரு சொல். மலை விளிம்பு, அவ்வளவுதான். அதோடு விட்டிருக்கலாம். லத்தீன் மூலம் சொன்னேன்: 'முன்' என்பதும் 'தலை' என்பதும் சேர்ந்தது, தலை முன்னே போக விழுவது என்று. பட்டணத்தில் படித்தது இருபது வருஷம் கழித்தும் மறக்கவில்லையே என்று சந்தோஷம். கூட்டமே வாய் திறந்து கேட்டது. 'ஈரப் பாறையில் கால் வழுக்கி' என்ற கடைசி வரியை ஓட்டமாகப் படித்தேன்.

ஆனி 17, வியாழன்

சீரகம், மண்ணெண்ணெய், இவர் செருப்புக்கு வார்.

வீட்டு வேலைக்கு வரும் அங்காயி பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னது: "கால் வழுக்குனவன் தலை முன்னால போவானுங்களா? தானாக் குதிச்சாத்தானுங்க அப்படிப் போவும். தாள்லயே எழுதிப்போட்டாங்களாமில்ல."

யார் சொன்னது என்றேன்.

"நீங்கதானுங்கம்மா படிச்சீங்களாமா."

நான் ரசம் தாளிக்கப் போய்விட்டேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

ஆனி 19, சனி

செல்லாயியின் மகள் பாவாயிக்கு நாளை உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதாக இருந்தது. நாமகிரிப்பேட்டை மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவன் வீட்டில் பெண் எடுத்தால் வம்சத்துக்கு ஆகாதாம்.

அகராதியைப் புரட்டினேன். ஆதியில் அந்தச் சொல்லுக்கு விழுவது என்றே பொருள். பிறகு விழுகிற இடமாயிற்று. இன்று இடம் மட்டும்தான். சொல்லே மறந்துபோனதை நான் கிளறி, செத்தவன் மேல் போட்டேன்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். 'சிலர் தவறாகப் புரிந்துகொண்டதாகத் தெரிகிறது.' சிலர்! படித்துப் பார்க்கவே கூசியது. கிழித்தேன்.

ஆனி 21, திங்கள்

பஸ்ஸில் நாமகிரிப்பேட்டை. "ஊர் வம்பு உனக்கெதற்கு" என்றார் இவர். வம்பே நான்தான் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா உட்காரச் சொன்னார், மோர் வந்தது. தாளில் இருப்பது கால் வழுக்கியது மட்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"பின்ன அந்தத் தலைப் பேச்சு எதுக்குங்க வந்துச்சு?"

எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள. இதைச் சொல்லி முடிப்பதற்குள் மோர் தம்ளரை நாலு முறை கை மாற்றிப் பிடித்திருப்பேன். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்போ என்னவோ.

அவர் யோசித்துச் சொன்னது: "எனக்குச் சொன்னாப் பத்தாதுங்கம்மா. நாளைக்கு எங்கூட்டுக்கு வர்ற புள்ளைய ஊரே பேசும். எங்க சொன்னீங்களோ அங்கயே சொல்லிப்போடுங்க. அப்பறம் உப்புச்சர்க்கரை மாத்திக்கலாம்."

நியாயம். வழியெல்லாம் அவர் மேல் கோபம்.

ஆனி 24, வியாழன்

காலையில் தலைவலி என்று படுத்துப் பார்த்தேன். பொய்த் தலைவலி. எழுந்து போனேன்.

கச்சேரி வாசலில் நல்ல கூட்டம். மாப்பிள்ளையின் அப்பா வேப்பமரத்தடியில், துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். செல்லாயியிடம் தாளை வாங்கிப் படித்தேன், கடைசி வரியை இரண்டு முறை. அந்தச் சொல்லுக்கு மலை விளிம்பு என்றுதான் அர்த்தம், மற்றதெல்லாம் என் படிப்புப் பெருமைக்காகச் சொன்னது, பழனியப்பன் குதிக்கவில்லை என்றேன்.

பின்னாலிருந்து ஒருவன்: "நம்ம படிக்காததும் நல்லதுதானுங்க." சிரித்தார்கள். உள்ளே இவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று செல்லாயியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கப் பக்கத்தில் போனேன். அதற்குள் தாளுக்குக் கை நீட்டினாள்.

"குடுங்கம்மா. பள்ளிக்கூடத்து வாத்தியாருகிட்டயும் ஒருக்காப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறனுங்க."

கொடுத்தேன்.