சகலையும் நானும் ஒரு சுற்றுலாப் பாஸும்

மார்ச் 4, செவ்வாய்

மனைவிக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் விடுமுறை கிடைத்துவிட்டது. பிள்ளைகள் அவரவர் வழியில் போன பிறகு நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் பயணம். ஏரிக்கரை நகரம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். எனக்கு விட்டுவைத்தது ஒன்றுதான்: ரயிலும் பார்க்கும் இடங்களும் சேர்ந்த இரண்டு நாள் பாஸ் எடுக்கலாமா, வேண்டாமா. காப்பீட்டு அலுவலகத்தில் ஊரான் வீடு எரிந்தால் எவ்வளவு கொடுக்கலாம் என்று காலமெல்லாம் கணக்குப் போடுகிறவனுக்கு இது ஒரு விஷயமா?

மார்ச் 6, வியாழன்

விஷயம்தான். ஓடி ஓடிப் பார்த்தால்தான் பாஸ் கட்டுபடியாகும்.

"பொத்தான் மியூசியம் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏரிக்கரையில சும்மா உக்காரணும்."

"அது பாஸ்ல வராதே."

"அதுக்குத்தான் காசே கிடையாதே."

காசே இல்லாத இடத்தில் உட்கார்ந்து எப்படி லாபம் பார்ப்பது? இந்த நுணுக்கம் அவளுக்குப் புரிவதில்லை.

மார்ச் 8, சனி

சகலை வந்தார், மனைவியின் அக்காவோடு. போன வருஷம் இதே பாஸில் போய் வந்தவர்.

"போட்ட காசை வசூல் பண்ணிட்டுத்தான் சகலை திரும்பி வண்டி ஏறினேன்."

"எது நல்லா இருந்துச்சு?"

வெகுநேரம் யோசித்தார். "எல்லாமே சீக்கிரம் முடிஞ்சுது."

சமையலறையிலிருந்து அவர் வீட்டம்மா குரல்: "நான் இவர் முதுகைத்தான்டி பார்த்தேன். ஊர் எப்படியோ, முதுகு நல்ல அகலம்."

அக்காவும் தங்கையும் சிரித்த சிரிப்பு என் காதுக்கு அவ்வளவு நன்றாகப் படவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அட்டவணை முடிந்தது. மழை பெய்தால் ஒன்று, வெயிலடித்தால் ஒன்று. மனைவி வாங்கிப் பார்த்தாள்.

"இதுல சாப்பாடு எங்க?"

"நடந்துகிட்டே."

தாளை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒப்புக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

ஒப்புக்கொள்ளவில்லை. அக்காவும் தங்கையும் நாளைக் காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் இருவருக்கும் மட்டும்.

"நீங்க நிதானமா முடிவு பண்ணுங்க. அவசரமே இல்ல," என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

நான் என்ன தப்பு பண்ணேன்? கணக்குப் பாத்தது ஒரு குத்தமா? கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை விட்டுட்டு அவ ஊர் பாக்கப் போனதே இல்ல —

மார்ச் 15, சனி

வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியும்தான். அதுதான் கொஞ்சம் பேசுகிறது.

மாலையில் சகலையின் அழைப்பு. "இங்கயும் ஆளில்ல சகலை. நாமளும் போனா என்ன? ரெண்டு பேரா எடுத்தா பாஸ்ல தள்ளுபடி."

அவர் தள்ளுபடிக்காகப் புறப்படுகிறார். நான் எதற்காக என்று அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் பாஸ் வாங்கினோம். வண்டி நாளை விடியற்காலையில். அட்டை வேலை செய்கிறதா என்று சோதிக்க, சகலை தன்னுடையதை நுழைவுக் கதவில் வைத்துப் பார்த்தார். கதவு திறந்தது. பூரித்துப்போய் என்னுடையதையும் பிடுங்கி வைத்தார்.

முதல் தடவை வைக்கிற நாள்தான் முதல் நாளாம். பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. ஆக, இரண்டு நாள் சுற்றுலாவில் ஒரு நாளை அவரவர் வீட்டில் பனியனோடு கழித்தோம்.

மார்ச் 17, திங்கள்

இரண்டு நாள் இடங்களை ஒரே நாளில் பார்க்கிறோம். பார்க்கிறோம் என்பது பெரிய வார்த்தை. பொத்தான் மியூசியத்தில் சகலை அட்டையைக் காட்டிவிட்டு அப்படியே திரும்பினார்.

"உள்ள வந்து பாக்கலாமே சார்," என்றார் காவலாளி.

"பொத்தான் தானே, பார்த்திருக்கேன்."

பழைய சிறைச்சாலையில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தங்கத் தோன்றியது. கைதிக்கு ஒரு பலகை போட்டிருக்கிறார்கள், உட்கார. அங்கிருந்தே மனைவியை அழைத்தேன்.

"எங்க இருக்க?"

"படகுத்துறை பெஞ்சுல."

"வந்ததுலேருந்து என்னென்ன பார்த்தீங்க?"

"பெஞ்சுதான்."

"நானும் இந்த ஊர்லதான் இருக்கேன்."

"பாஸோடயா?"

"ம். வரட்டுமா?"

"அடுத்து எங்க போகணும் உங்களுக்கு?"

"மணிக்கூண்டு. மூடப் போறாங்க."

"அப்ப அங்க போங்க," என்று வைத்துவிட்டாள்.

வாசலில் நின்ற சகலையிடம் என் அட்டையை நீட்டினேன்.

"என்ன சகலை, இன்னும் மூணு இடம் இருக்கே."

"என் பங்குக்கும் நீங்களே பார்த்துடுங்க."

என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆனால் அட்டையை வாங்கிக்கொண்டார்.

மார்ச் 18, செவ்வாய்

நேற்று படகுத்துறைக்கு நடந்தேதான் போனேன். அக்கா என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அவர் எங்க?"

"மணிக்கூண்டு ஏறிக்கிட்டிருக்கார்."

"ஏறட்டும். நல்லா மெதுவா எறங்கட்டும்."

பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே தண்ணீர். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, இருட்டும்வரை பார்த்தேன். மனைவி எங்களுக்கு நடுவே இருந்த கைப்பையை எடுத்து அக்கா பக்கம் வைத்தாள்.