அரை மணி முன்னால் அடித்த மணி

என் அன்பு மனைவிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? மருமகள் ஒத்தடம் கொடுக்கிறாளா?

நேற்று ஒரு தப்புச் செய்துவிட்டேன். பயப்படாதே, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இந்த வெளிநாட்டுப் பள்ளிக்கு வந்த நாள் முதல் என் கைக்கடிகாரத்தில் நம் வீட்டு நேரத்தையே வைத்திருந்தேன். நீ எப்போது சாப்பிடுவாய், எப்போது கண் அயர்வாய் என்று அதைப் பார்த்தாலே தெரியும். இங்கே இரண்டரை மணி நேரம் பின்னால்.

நேற்றைய கணக்குப் பரீட்சை பன்னிரண்டரைக்கு முடிய வேண்டும். சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்தது. வாத்தியார்கள் பெரிய முள்ளைத்தான் பார்ப்போம். என் கையில் அது ஆறில் நின்றது. மணியடித்துத் தாள்களை வாங்கிவிட்டேன்.

முன்வரிசைப் பெண் அழுதேவிட்டாள். "சார், இன்னும் அரை மணி நேரம் இருக்கே! கடைசிக் கணக்கு பாதியில நிக்குது!"

ஓவிய ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், இங்க இருக்கீங்களா, ஊர்ல இருக்கீங்களா?"

அப்போதுதான் உறைத்தது: நம் வீட்டில் மணி இரண்டரை, இங்கே பன்னிரண்டுதான். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு பிள்ளையின் ஒரு நிமிடத்தைக்கூட நான் எடுத்ததில்லை. தாள்களைத் திருப்பிக் கொடுத்து, தலைமையாசிரியரிடம் கூடுதலாகப் பத்து நிமிடமும் கேட்டு வாங்கினேன். எல்லோரும் எழுதி முடித்தார்கள்.

முள்ளை இந்த ஊர் நேரத்துக்குத் திருப்பிவிட்டேன். ஒன்றாம் வகுப்பில் கையைப் பிடித்து எழுத வைத்த பிள்ளையை ஒரு நாள் தானே எழுதட்டும் என்று விட்டுவிடுவோமே, அப்படித்தான் இருக்கிறது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. என்ன சமைத்தாய், யார் வந்தார்கள், எல்லாம் எழுது. எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதாதே. மறுபடி கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன்.

உன் வாத்தியார்