வியாழனின் நிலாவுக்கான ஐஸில் நீலச் சாயம் ஊற்றாதிருக்க வேண்டி

அனுப்புநர்:
சு. கோகிலவாணி,
கல்லூரி இயற்பியல் ஆய்வக உதவியாளர்,
செம்பூர், மும்பை.

பெறுநர்:
உணவுப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
மும்பை.

பொருள்: லேசர் ஆய்வுக்கான ஐஸ் பலகைகளுக்குச் சாயமிடுவதிலிருந்து வெள்ளிக்கிழமை வரை விலக்குக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வியாழனின் நிலாக்களில் ஒன்றான கனிமீடின் தரை முழுக்கப் பனிக்கட்டி. அங்கே போய்க்கொண்டிருக்கும் விண்கலம் மேலிருந்து லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து மேடு பள்ளங்களை அளக்கும். அதையே சிறிய அளவில் நான் செம்பூரை அடுத்த கோவண்டியில், மீன் வியாபாரி லூர்தம்மாளின் கொட்டகையில் செய்து வருகிறேன். ஐஸ் பாரைப் பலகையாக உடைத்து, நான் கேட்கும் சொரசொரப்பில் மரச்சுத்தியலால் கொத்தித் தருபவர் அவரே.

2. சென்ற ஞாயிறன்று பன்னிரண்டு பலகைகளைச் சிவப்பு லேசரால் அளந்தேன். லூர்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவியே வழவழப்பிலிருந்து சொரசொரப்பு வரை அவற்றை வரிசைப்படுத்தினார். இரண்டு வரிசையும் ஒன்றாகவே இருந்தன, ஐயா! பன்னிரண்டும்! மனுவில் இப்படி எழுதக் கூடாதென்று தெரியும். மூன்று நாளாகியும் அடங்கவில்லை.

3. நேற்று தங்கள் அலுவலர் சோதனைக்கு வந்து, தெர்மோகோல் பெட்டியிலிருந்த பலகைகளைக் காட்டி, சாப்பிடும் ஐஸா என்று கேட்டிருக்கிறார். இல்லை, வியாழனின் நிலாவுக்கு என்று லூர்தம்மாள் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சாப்பிடாத ஐஸ் நீலமாக இருக்க வேண்டும் என்பது விதி. அவரும் விதிப்படி சாயம் ஊற்றிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. ஆனால் நீலம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது. அனுப்பிய லேசர் திரும்பி வருவதாக இல்லை. சாப்பிடத்தான் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அங்கலாய்த்தேன். "பின்ன, நான் பொய் சொல்லியிருக்கணுமாக்கும்?" என்று என்னையே மடக்கிவிட்டார்.

4. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வுக் குழுவினர் இந்தச் சோதனையை நேரில் பார்க்க வருகிறார்கள். சரியாக அமைந்தால், பனி நிலாக்களின் லேசர் அளவுகளை ஆராயும் குழுவில் எனக்கு இடம் கிடைக்கும். ஒன்பது வருடமாக அடுத்தவர் சோதனைக்குக் கருவி துடைத்துக் கொடுத்தவள் நான். இது என் சோதனை.

5. புதிய ஐஸ் பார்கள் நாளை இறங்குகின்றன. அவற்றை வெள்ளையாகவே விட்டுவைக்க எழுத்துமூலம் அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். யாராவது வாயில் போட்டுக்கொள்வார்களோ என்று ஐயமிருந்தால், அதே அலுவலரைக் காவலுக்கு அனுப்புங்கள். முதல் பலகையின் மேடு பள்ளம் திரையில் கோடாக எழும்போது அவரும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். நான் எழுந்தேன்.

இணைப்பு: மராத்தி மொழிபெயர்ப்பு.

இடம்: மும்பை
நாள்: 11.02.2026, புதன்

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
சு. கோகிலவாணி (ஒப்பம்)